தம்பி கழற்றி எறிந்த கொக்கி

என் தம்பி பல் கட்டுகிறவன். பல் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். இவன் ஒரு பின்கட்டு அறையில் ஜன்னலோரமாகக் குனிந்து உட்கார்ந்து, முகம் தெரியாத யாருக்கோ பல் வரிசை செய்து அனுப்புவான். நாள் முழுக்க மெழுகும், வெள்ளை மாவும், ராவுகிற மெஷினின் கிர்ரென்ற சத்தமும்தான். முதுகு வளைந்தே போய்விட்டது. அப்படிப்பட்டவனுக்கு ஓர் ஆசை இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசையை நான் ஏன் இழுத்துக்கொண்டு அலைய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஆசை என்றால் கார். கூரை கிடையாது, கதவு கிடையாது, ஏறி உள்ளே குதிக்க வேண்டும். தெருவில் அதற்கு சோப்பு டப்பா என்று பெயர். கனமே இல்லாத கார் என்பதுதான் அதன் பெருமை. அது போதாதென்று இவன் அதை இன்னும் இளைக்க வைத்தான். ஹீட்டரைப் பிடுங்கினான், தரைவிரிப்பைப் பிடுங்கினான், ஹெட்லைட்டையும் கழற்றினான். ஒவ்வொரு போல்ட்டையும் பல் மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தான். கடைசியில் பக்கத்து சீட்டும் போனது. "நான் குண்டாயிட்டேன்னு சொல்லாம சொல்றாரா அண்ணி?" என்று அவன் மனைவி என்னிடம் கேட்டாள்.

விளக்கில்லாத காரை ரோட்டில் ஓட்ட முடியாது. அதனால் டிரெய்லர். டிரெய்லரை இழுக்க என் வண்டி. நான் சோபாவும் பீரோவும் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குகிறவள். வாரத்தில் எனக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தான். ரேஸ் டிராக்கில் வளைவுக்கு வளைவு பறக்கிற இந்த வீரனுக்கு டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க வராது. வலப்பக்கம் ஒடித்தால் அது இடப்பக்கம் போகிறதாம், குழப்பமாக இருக்கிறதாம்.

இந்த வருடம் முழுக்க என் ஞாயிறுகளைத்தான் தின்றான். ஒரு முறை டிராக்கில் தண்ணீர் தேங்கிவிட்டது. ஒரு முறை பாதி வழியில் டிரெய்லர் டயர் வெடித்தது. இன்னொரு முறை சைலன்ஸர் சத்தம் அதிகம் என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். தம்பி மனைவி பொறுத்துப் பார்த்தாள். "இந்தத் தடவையும் ஓட்டாம வந்தா வித்துடணும்" என்று நேராகவே சொல்லிவிட்டாள். இவனும் சரி என்று தலையாட்டிவிட்டான். வாங்குவதற்கு ஆள்கூடத் தயாராக இருந்தது. மனசுக்குள் எனக்கு ஏகக் கொண்டாட்டம்.

ஞாயிறு காலை டிராக் வாசலில் வரிசை. ஆரஞ்சு சட்டைக்காரர் ஒருவர் ஒவ்வொரு காராகச் சுற்றி வந்து பார்த்தார். பிரேக், பெல்ட், ஹெல்மெட் எல்லாம் சரி. சோப்பு டப்பாவின் மூக்குப் பக்கம் வந்ததும் குனிந்தார்.

"முன்னாடி இழுக்கற கொக்கி எங்க?"

"கழட்டிட்டேன் சார். கனம்."

"வளைவுல பாதை தப்பி சரளைக்கல்லுல போய் மாட்டிக்கிட்டா எதைப் பிடிச்சு இழுக்கறது? உங்க காதையா?"

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. கார் காராகப் போய்க் கேட்டான். யாருடைய கொக்கியும் இவன் கார் மரையில் ஏறவில்லை. எப்படி ஏறும்? இவன் கொக்கி என் வண்டியில் அல்லவா இருந்தது!

ஆமாம். இவன் கழற்றிக் குப்பையில் போட்ட அன்றே, நல்ல இரும்பாயிற்றே என்று நான் எடுத்து வைத்தேன். டெலிவரி ரசீதுகள் பறக்காமலிருக்க, ஸ்டியரிங்குக்கு முன்னால் அவற்றின் மேல் வைத்திருந்தேன். வரும் வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறான். பார்த்து என்ன பயன்?

வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும், திங்களன்று கார் போய்விடும். இனி ஞாயிறுகளில் கால் நீட்டிப் படுக்கலாம். என் கையில் கிடந்த ரசீதுகளை அதன் மேல் போட்டு மூடினேன். ஆமாம், மூடினேன்.

தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ உருட்டிக்கிட்டு வந்ததாலதான்க்கா. சீக்கிரம் வந்திருந்தா எங்கயாவது தேடிப் பிடிச்சிருப்பேன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "ஆமாண்டா, எல்லாம் என் தப்புதான்!" என்று கத்தினேன்.

அவன் கையுறைகளை விரல் விரலாகக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டான். நகக்கண்ணில் பல் மாவு வெள்ளையாக அப்பியிருந்தது. பிறகு குனிந்தே உட்கார்ந்திருந்தான், அந்த ஜன்னலோரத்தில் உட்காருகிற மாதிரியே. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ரசீதுகளைத் தள்ளிவிட்டுக் கொக்கியை எடுத்து அவன் மடியில் போட்டேன். "இந்தா, எடுத்துட்டுத் தொலை."

எப்போதிலிருந்து இது இங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. ஓடினான்.

முதல் சுற்றில் என்னைக் கடந்து போனபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். என் தம்பியின் முதுகு அவ்வளவு நேராக இருந்து நான் பார்த்து வருடக்கணக்காகிறது. கையைக்கூட ஆட்டினேன். இரண்டாவது சுற்றில் காணோம். சிவப்புக் கொடி காட்டினார்கள், எல்லாக் கார்களும் நின்றன, டிராக்டர் கிளம்பிப் போனது. மற்றவர்கள் என்னை முறைத்தார்கள், ஓட்டினது நான் என்பதுபோல.

அந்தக் கொக்கியில் கயிறு மாட்டித்தான் சரளையிலிருந்து இழுத்து வந்தார்கள். அடியில் எண்ணெய்த் தொட்டி பிளந்து ஒழுகியது. அன்றைய ஓட்டம் அவ்வளவுதான். தம்பி கார் நிறையக் கல்லோடு உட்கார்ந்து வந்தான். ஒரு நன்றியாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.

"அக்கா, கொக்கி சும்மா கல்லு மாதிரி நின்னுச்சு" என்றான். "இதே அலுமினியத்துல கிடைக்குதாம். பாதி கனம்தான்."

என் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத் தம்பி மனைவியின் போன்.

"ஓட்டினாரா அண்ணி?"

ஒன்றரைச் சுற்று. அதை ஓட்டியது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இவன் ஹெல்மெட்டால் காருக்குள்ளிருந்து கல்லை மொண்டு மொண்டு வெளியே கொட்டிக்கொண்டிருந்தான். முதுகு இன்னும் வளையவில்லை.

"ஓட்டினான்மா" என்றேன். என் ஞாயிறுகளை நானே தாரை வார்த்துவிட்டேன்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சரி, அந்தப் பக்கத்து சீட்டையாவது திரும்ப மாட்டச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே அடித்த காற்றில் ரசீதெல்லாம் பறந்தது. பின்னால் நின்று தம்பி வலது, வலது என்று கையாட்டினான். தப்பான பக்கம்.