பத்ருன்னிசா ஒட்டிய சக்கரம்

காரைக்காலில் பத்ருன்னிசாவைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். வாய்க்காரி, யாருக்கும் அடங்காதவள், புருஷன் மதார் சாகிப் பாவம் என்பார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு கிடையாது. அவளை வாய் திறக்க வைத்ததே இந்த ஊர்தான். அதுவரை அவள் கைதான் வேலை பார்த்தது, பேர் புருஷனுக்குப் போனது.

மதார் சாகிப் சைக்கிள் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன ரேஸ் சைக்கிள்கள் ஊரில் நாலைந்து இருந்தன. அவற்றின் டயர் நம் சைக்கிள் டயர் மாதிரி இல்லை. டியூபை உள்ளே வைத்துச் சுற்றிலும் தைத்துக் குழாயாக்கியிருப்பார்கள். ரிம்மில் அதைக் கவ்விப் பிடிக்க விளிம்பு கிடையாது. பசையால் ஒட்டினால்தான் நிற்கும், பசை விட்டால் ஆளும் போனான்.

பசை நெடி மதார் சாகிப்புக்கு ஆகாது. டப்பாவைத் திறந்தாலே இழுப்பு வந்து கண் பிதுங்கும். அதனால் சக்கரங்கள் ஓசைப்படாமல் பின்கட்டுக்குப் போயின. பத்ருன்னிசா ரிம்மை உப்புத்தாளால் தேய்ப்பாள். ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டு, மேலே இன்னொன்று பூசுவாள். பிறகு காற்றுத்துளையில் தொடங்கி, இரண்டு கையாலும் டயரை இழுத்து இழுத்துக் கீழே இறக்குவாள். கடைசி ஒரு சாண் இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கும். சக்கரத்தை வயிற்றில் முட்டுக் கொடுத்து, கட்டைவிரலால் நெம்பி ஏற்றுவாள். வெறும் ரப்பர் பசை காரைக்கால் வெயிலுக்கு இளகிவிடுகிறது என்று கண்டு, அதில் குங்கிலியத்தைப் பொடித்துக் கலந்ததும் அவள்தான். அதன் பிறகு எந்த வெயிலிலும் டயர் அசையவில்லை. மதார் சாகிப் கைராசி என்று ஊர் மெச்சியது. அவரும் மறுக்கவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் குடியரசு தினத்தன்று கோட்டுச்சேரி வரை போய்த் திரும்பும் ரேஸ் நடந்தது. காரைக்கால்மேட்டு மீனவக் குப்பத்து மருதையன்தான் ஜெயிப்பான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். படகு இழுத்து உரமேறிய உடம்பு. திரும்பி வரும்போது ஒரு வளைவில், மதார் சாகிப் கடையில் ஒட்டிய அவனுடைய முன்டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. ஆள் தூக்கியெறியப்பட்டான், தோள் எலும்பு முறிந்தது.

ரேஸை நடத்தியவர் சிதம்பரநாதன். நிலபுலம் உள்ளவர், சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். அவர் நேரே கடைக்கு வந்து, கூட்டத்தின் நடுவில் மதார் சாகிப்பைப் பிடித்து உலுக்கினார். பயத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து உண்மை வந்தது. தான் ஒட்டவில்லை, வீட்டில் ஒட்டியது என்றார். இத்தனை நாளும் பேரை வாங்கிக்கொண்டவர், பழி வந்ததும் அதை எடுத்துப் பெண்டாட்டி தலையில் வைத்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெண்பிள்ளை ஒட்டிய சக்கரம் இனி என் ரேஸில் ஓடாது என்று சிதம்பரநாதன் சொல்லிவிட்டுப் போனார். வெறும் வாயை மென்ற ஊருக்கு அவல் கிடைத்தது. அடுப்படிக் கையால் டயர் ஒட்டினால் அப்படித்தான் ஆகும் என்றார்கள்.

பத்ருன்னிசா அழவில்லை. உடைந்த சைக்கிள் கடையில்தான் கிடந்தது. முன்சக்கரத்தைக் கழற்றி ரிம்மைத் தடவினாள். விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். பிறகு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, சக்கரத்தை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, காரைக்கால்மேட்டுக்கு நடந்தாள். பட்டப்பகலில், கடைத்தெரு வழியாக. மதார் சாகிப் பின்னாலேயே ஓடி, வீட்டுக்கு வா என்று கெஞ்சினார். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

மீன் ஏலம் முடிகிற நேரம். தோளில் கட்டோடு மருதையன் வலைக்குவியல் மேல் சாய்ந்திருந்தான். அவன் முன்னால் சக்கரத்தை வைத்தாள்.

"தம்பி, இதுல என்ன தடவுனே?"

ரேஸுக்கு முந்தின நாள் சுறா எண்ணெய் தடவினதாக அவன் சொன்னான். உப்புக்காற்றில் இரும்பு எதுவும் தங்காது. அங்கே கத்தி, நங்கூரம், பூட்டு எல்லாவற்றுக்கும் அதுதான். ஆசை ஆசையாக வாங்கின சைக்கிள் துருப்பிடிக்கக் கூடாதென்று ரிம் முழுக்கத் துணியால் பூசியிருக்கிறான்.

"பசையில குங்கிலியம் கலந்திருக்கேன். குங்கிலியத்துல எண்ணெய் பட்டா என்ன ஆகும்?"

மருதையன் குனிந்து ரிம்மைப் பார்த்தான். சுற்றி நின்றவர்களும்தான். படகின் விரிசலை அடைக்க, குங்கிலியத்தை எண்ணெயில் இளக்கிக் களியாக்குவது அவர்கள் அன்றாடம் செய்கிற வேலை. "இளகிடுங்க அக்கா," என்றான். "தப்பு என்னோடதுதான். யார் கேட்டாலும் சொல்றேன்."

சொல்லவும் செய்தான். கட்டுப் போட்ட தோளோடு சிதம்பரநாதன் வீட்டுக்கே போய்ச் சொன்னான். அதோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. எண்ணெயோ தண்ணீரோ, பொம்பளை ஒட்டினதாக வெளியே தெரிந்தால் மரியாதை இல்லை என்றார் அவர். அவள் ஒட்டிக்கொள்ளட்டும், மதார் சாகிப் ஒட்டினதாகவே இருக்கட்டும் என்று ஒரு வழியும் சொன்னார். மதார் சாகிப் அதை நல்ல செய்தி போல வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"டயர் கழண்டப்ப என் பேரைச் சொன்னீங்கல்ல," என்றாள் பத்ருன்னிசா. "ஒட்டி நின்னாலும் என் பேருதான். இல்லேன்னா இந்த வீட்ல பசை டப்பா திறக்காது."

டப்பா திறக்கவில்லை. ரேஸ்காரர்கள் வேறு ஆள் தேடினார்கள். ஒருவர் தச்சு வேலைப் பசையால் ஒட்டினார், அது காய்ந்து உதிர்ந்தது. இன்னொருவர் தாரைப் பூசிப் பார்த்தார், அது வெயிலில் வழிந்தது. வருகிறவர்களிடமெல்லாம் கடை வாசலில் நின்று அவள் ஒன்றையே சொன்னாள். என்னிடம் கேளுங்கள், என் பேரைச் சொல்லிக் கேளுங்கள். ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. தோள் கூடியதும் மருதையன்தான் வந்து கேட்டான்.

ஆகஸ்ட் பதினைந்து ரேஸுக்கு அவன் சைக்கிளோடு அவளும் வந்தாள். கடற்கரைச் சாலையில் அத்தனை ஆண்களுக்கு நடுவில், முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிதம்பரநாதன் அவள் முகத்தைப் பார்க்காமல், "பாய், அவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார். மதார் சாகிப் தரையைப் பார்த்தார்.

"அவர்கிட்ட ஏன் சொல்றீங்க? ஒட்டுனவ நான். இழுத்துப் பாருங்க. ஒரு நூல் நகந்தாலும் நானே போயிடுறேன்."

காரைக்கால்மேட்டுக்காரர்கள் சைக்கிளைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். சிதம்பரநாதனுக்கு வேறு வழியில்லை. இரண்டு கட்டைவிரலையும் டயருக்கு அடியில் கொடுத்து நெம்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. இடம் மாற்றி மறுபடி நெம்பினார். டயர் அசையவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, சரி, புறப்படட்டும் என்றார்.

மருதையன் ஜெயிக்கவில்லை, மூன்றாவதாகத்தான் வந்தான். தோள் இன்னும் முழுசாகத் தேறவில்லை. ஜெயித்தவனைத் தூக்கிக்கொண்டு கூட்டம் அந்தப் பக்கம் போனது. பத்ருன்னிசா போகவில்லை. நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து, கொதிக்கிற சக்கரத்தை மெல்லச் சுழற்றி, விளிம்பு நெடுகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஓரிடத்திலும் விரியவில்லை. அவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

அந்த வழியாக வந்த சிதம்பரநாதன் நின்று பார்த்தார். "பாய், நல்லாத்தான் ஒட்டியிருக்கு," என்று மதார் சாகிப்பிடம் சொன்னார்.

பத்ருன்னிசா எழுந்தாள். "அதை என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்து அதையே சொன்னார்.