எடைமேடையில் நின்ற நாற்பது கிலோ

எடைமேடைக்காரரை லாரி ஓட்டுநர்கள் 'முள்ளு' என்றுதான் கூப்பிடுவார்கள். நூற்று முப்பது கிலோ மனிதருக்கு இப்படி ஒரு பெயரா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். அது உடம்பைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. தராசு முள்ளை யார் எந்தப் பக்கம் தாஜா செய்தாலும் சாயாதே, அந்த குணத்துக்கு வைத்த பெயர். பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் அவருடைய கண்ணாடி அறைக்கு எதிரே உள்ள மேடையில் ஏறி நிற்கும். பலகையில் சிவப்பு எண்கள் ஓடி ஓரிடத்தில் நிற்கும். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். பதினெட்டு வருடப் பிழைப்பு.

அந்தப் பதினெட்டு வருடத்தில் அவர் கண்டெடுத்த ஞானம் ஒன்றே ஒன்று: தண்ணீரை நம்பாதே. லோடுக்கு நடுவே ட்ரம்மில் தண்ணீரை ஒளித்து எடைபோட்டுவிட்டு, வெற்று வண்டியாகத் திரும்புவதற்குள் திறந்துவிட்டுவிடுவது ஓட்டுநர்களின் பழைய வித்தை. முள்ளு ஒரு குச்சியால் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "தண்ணி எடை கள்ள எடை!" என்று அவர் போடும் சத்தம் முதல் கேட்டுக்கே கேட்கும்.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் ஆறு மாதத்துக்கு முன் எடை குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. இரைப்பையை வெட்டி வாழைக்காய் அளவுக்குச் சுருக்கினார்கள். நாற்பது கிலோ போயிற்று. வீட்டில் பீரோ கதவில் தாள் ஒட்டி, தினமும் காலையில் எடை மெஷினில் ஏறி நின்று கிராம் சுத்தமாக எழுதினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் இருநூறு கிராம் கூடுகிறது. கள்ள எடை! முள்ளு தண்ணீரைக் குறைத்தார். பிறகு இன்னும் குறைத்தார். மலம் இளக டாக்டர் எழுதிக் கொடுத்த பொடியைக்கூட எடுக்கவில்லை. அதையும் ஒரு டம்ளர் தண்ணீரில்தானே கலக்க வேண்டும்?

உடம்பு சும்மா இருக்குமா? வெளிக்குப் போவது நாலு நாளுக்கு ஒருமுறை என்றானது, ஆறு நாளுக்கு ஒருமுறை என்றானது. இப்போது ஒன்பதாவது நாள்.

அதற்கிடையில் ஒரு நாள் மீசைக்கார ஓட்டுநர் ஒருவர் சீட்டு வாங்கும்போது அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன முள்ளு, பாதி ஆளுதான் வந்திருக்கீங்க? மீதிய எங்க எறக்கிவிட்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். முள்ளுவும் சிரித்தார். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு யார்டில் ஈ காக்கை இல்லை. காலி மேடை. பலகை நாற்பது காட்டியது.

பத்து நிமிடம் அப்படியே காட்டிவிட்டுப் பூஜ்யத்துக்கு வந்தது. மறுநாளும் அதே மூன்று மணி, அதே நாற்பது. அதற்கு மறுநாளும். பத்துப் பத்தாக மட்டுமே எண் மாறும் அந்தப் பலகை, ஒரு முறைகூட முப்பது என்றோ ஐம்பது என்றோ உளறவில்லை. முள்ளு பீரோ தாளை மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். அதுவும் நாற்பதுதான்.

ஒன்பதாவது நாள் காலையில் அவர் மனைவி கழிப்பறைக் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, ஒரு மணி நேரமாச்சு. உள்ளயே குடித்தனம் வச்சிட்டீங்களா?"

"வருது... வருது."

"இதைத்தான் ஒன்பது நாளா சொல்றீங்க. முக்காதீங்க, வெளிய வாங்க. நர்ஸுக்குப் போன் போட்டாச்சு."

போனில் ஆஸ்பத்திரி நர்ஸ் நிதானமாகக் கேட்டாள். "வாந்தி இருக்கா சார்? வயித்து வலி? காத்து பிரியுதா?"

"பிரியுதுங்க" என்றார். மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். அது அவளுக்கே தெரியும்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"அது... குடிக்கிறேங்க."

"ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது போகணும் சார். மடக் மடக்னு இல்ல, வாய் வாயா, நாள் பூரா. சாப்பாட்டோட சேர்த்துக் குடிக்காதீங்க, அரை மணி நேரம் தள்ளி. பொடி எடுக்குறீங்களா?"

"எடுக்குறேங்க."

பதினெட்டு வருடம் பொய் எடை போடாத மனிதர் ஒரே மூச்சில் இரண்டு பொய் சொன்னார். நர்ஸ் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போனுக்குத் திரும்ப வந்தாள். "நீங்க போடுற இரும்புச்சத்து மாத்திரையும் மலத்த இறுக்கும், ஆனா நீங்களா நிறுத்தாதீங்க. நாளைக் காலைக்குள்ள போகலன்னா நேர வந்துடுங்க சார். நடுவுல வாந்தியோ வலியோ வந்தா காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

நேர வந்தால் என்ன செய்வார்கள்? மறுபடி வெட்டுவார்களோ? வெட்டினால் இன்னும் எத்தனை கிலோ போகும், அது எங்கே போய் நிற்கும்? இப்படியெல்லாம் யோசித்தபடி முள்ளு வேலைக்குப் போனார்.

மூன்று மணி. காலி மேடை. நாற்பது.

இன்று அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெளியே வந்து மேடையில் ஏறினார். செருப்புக்கு அடியில் இரும்பு கொதித்தது. தளர்ந்துபோன சட்டை, காற்றே இல்லாமல், இடது பக்கம் மட்டும் லேசாக ஆடியது. பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

நூற்று முப்பது.

தொண்ணூறு கிலோ மனிதர் அசையாமல் நின்றார். இடது பக்கம் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பழைய நாட்களில் படி ஏறினால் வருமே, அந்த மூச்சிரைப்பு பக்கத்தில் கேட்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். இரைப்பு நிற்கவில்லை.

அறைக்கு ஓடிப்போய், மேடையைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

மெக்கானிக் அரை மணியில் வந்து, மேடைத் தகட்டைத் தூக்கிப் பள்ளத்தில் டார்ச் அடித்தார். "அண்ணே, அடியில பாத்தீங்களா? சேறு காய்ஞ்சு கல்லாட்டம் இறுகிப்போச்சு. மத்தியான வெயில்ல இரும்பு விரியுது, சேறு கவ்விப் புடிக்குது. கடைசியா எப்போ தண்ணி விட்டுக் கழுவுனீங்க?"

"தண்ணியா? விடறதில்ல."

"அதான். வறட்டு எடத்துல கம்பிய விட்டுக் குத்துனா மேடைதான் கெடும். ஊறணும், ஊறி இளகணும். அப்புறம் தானா வரும்."

"அப்போ நாற்பது கிலோவும் இந்தச் சேறுதானா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "பத்து, இருபது காட்டும்ணே. நாற்பதுக்கெல்லாம் இங்க சேறு இல்லையே."

குழாயைப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டார்கள். பிறகு கறுப்பாகக் கரைந்து, கட்டி கட்டியாக வெளியே வந்தது. முள்ளு அதைக் கண் கொட்டாமல் பார்த்தார். ஒருவர் சேற்றை இவ்வளவு பொறாமையோடு பார்த்து மெக்கானிக் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். அவள் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. பீரோவில் இருந்த தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் 'தண்ணீர்' என்று எழுதி ஒட்டினாள். பொடியைக் கரைத்துக் கையில் கொடுத்தாள்.

"கள்ள எடையோ நல்ல எடையோ, குடிங்க."

வாய் வாயாகக் குடித்தார். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். மறுபடி குடித்தார். விடிந்ததும், ஆஸ்பத்திரிக்கு எடுத்து வைத்த பை வாசலில் காத்திருக்க, ஒருமுறை உள்ளே போனார். இந்தத் தடவை முக்கவில்லை. சேற்றை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். வெளியே வந்த முகத்தைப் பார்த்ததுமே மனைவி பையைப் பிரித்துத் துண்டைத் திரும்பப் பீரோவில் வைத்தாள். நர்ஸுக்குப் போன் செய்து, இந்தத் தடவை தண்ணீர்க் கதையையும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

அன்று யார்டில் பலகை நாள் முழுக்கப் பூஜ்யத்தில் நின்றது. மூன்று மணிக்கும்தான். முள்ளு பெருமூச்சு விட்ட நேரத்தில் மீசைக்காரர் சீட்டு வாங்க வந்தார்.

"ஏன் முள்ளு, உங்க அண்ணன் இங்கயா வேலை பாக்குறாரு?"

"எனக்கு ஏதுய்யா அண்ணன்?"

"நேத்து சாயந்திரம் பின்பக்கக் குழாயடியில நின்னாரே. உங்க சாடைதான், ஆனா முழு சைஸு. கைய ஏந்தி ஏந்தித் தண்ணி குடிச்சாரு, நிறுத்தவே இல்ல. ஒன்பது நாளா நாக்கு நனையலன்னாரு, பாவம்."

முள்ளு அவர் முகத்தையே பார்த்தார். மீசைக்காரர் கலாய்க்கிறாரா? மீசைக்குக் கீழே சிரிப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை, மீசை அவ்வளவு பெரியது. ஒன்பது நாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள் லாரி கேட்டைத் தாண்டிவிட்டது.

மறுநாள் முதல் முள்ளுவின் மேஜையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள். ஒன்று அவர் பக்கம், ஒன்று ஜன்னல் பக்கம். சாயந்திரம் பார்த்தால் இரண்டும் காலி. அவருடையதைத் தவிர மற்றது எப்படிக் காலியானது என்று அவர் எடைபோட்டுப் பார்க்கவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக.