ஆடாத நடனத்துக்கு முப்பது பேர்

ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பாஷை தெரியாமல் பாரிஸ் வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, லா ஷப்பலில் ஒன்றுக்கு இரண்டு கடை போட்டேன். புறநகர் கார்ஜில் சொந்த வீடு. போதாததற்கு பத்திரிகையில் இந்தப் பத்தி வேறு... படித்தவர்களும் வாசிக்கிறார்களாம்!

அந்தத் துணிச்சலில்தான் போன கிழமை இதே இடத்தில் எழுதிவிட்டேன் — என் மகள் தர்ஷினி இசைப் பள்ளிச் சோதனையில் 'சரபாந்த்' என்ற ஸ்பானிய நடனம் ஆடுகிறாள், வாருங்கள் என்று.

வந்துவிட்டீர்கள். முப்பது பேர்! பட்டுச்சேலை, மாலை, கற்கண்டுத் தட்டு. அரங்கேற்றம் என்றால் சும்மாவா?

வாசலில் மகள், ஆள் உயர வயலின் போன்ற அந்த செல்லோவோடு நின்றாள். முகம் வெளிறிவிட்டது.

"பப்பா, சரபாந்தை இப்ப ஒருத்தரும் ஆடுறேல்லை. வாசிக்கிறதுதான்! இதிலை பெயில் எண்டால் எனக்கு அடுத்த வகுப்பு இல்லை. எல்லாரையும் போகச் சொல்லுங்கோ."

எப்படிச் சொல்வது? செவ்ரானிலிருந்து வந்த மாமி முன்வரிசையில் உட்கார்ந்தே விட்டார்.

வாசிப்பு தொடங்கியது. மெதுவாக... மிக மெதுவாக. மாமிக்குப் பொறுக்கவில்லை.

"எப்ப தம்பி பிள்ளை எழும்பி ஆடும்?"

மூன்று நடுவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையின் ஒரு வருஷத்தைக் கெடுத்துவிட்டேனே என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு தோள் சாய்ந்தது, தலை அசைந்தது... வாசித்துக்கொண்டே, இருந்த இடத்திலேயே ஆடினாள்!

முடிவு சொன்னார்கள்: பாஸ். எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

அவளுடைய செல்லோ ஆசிரியை விளக்கினார். சரபாந்த் ஒரு காலத்தில் ஸ்பெயின் தெருக்களில் கிற்றார் அடித்துத் துள்ளிய ஆட்டமாம். கூடாத ஆட்டம் என்று அரசன் தடை போட்டானாம். பிரான்ஸுக்கு வந்து, அரண்மனைக்குள் நுழைந்து, நடை மெதுவாகி, கடைசியில் ஆடுபவர் இல்லாமல் இசை மட்டும் மிஞ்சியதாம்.

"அப்ப அதுவும் ரெஃப்யூஜி கேஸ்தான் அண்ணை!" என்றான் மச்சான் குணம்.

"இது நடனம் என்று மாதக்கணக்காகச் சொன்னேன். இன்றைக்குத்தான் அவள் உடம்பு கேட்டது. எப்படி?" என்று ஆசிரியை வியந்தார்.

மகள் என்னிடம் சொன்னாள்: "முப்பது பேர் ஆட்டம் பாக்க வந்திருக்கினம். ஏமாத்தக் கூடாதெண்டு நினைச்சன் பப்பா."

கேட்டீர்களா? சான்றிதழில் பிள்ளையின் பெயர் இருக்கிறது, ஆசிரியை பெயர் இருக்கிறது. தடை போட்ட அரசனுக்குக்கூடச் சரித்திரத்தில் இடம் இருக்கிறது...

சரபாந்தைத் திரும்ப ஆட வைத்தவன் பெயரையும் ஒரு மூலையில் போடுங்கள் ஐயா!