ஓவர்லாக் சத்தத்தில் ஒரு ஸ்தோத்திரம்

பனியன் கம்பெனி வேலையில் ஒரு வசதி உண்டு: நாம் வாய்விட்டு அழுதாலும் பாடினாலும் ஓவர்லாக் தையல் மெஷினின் சத்தம் அதை வெளியே விடாது. காலையிலிருந்து குனிந்து தைத்து முதுகு விட்டுப்போன சகோதரிகளே, இது நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

டெம்போ ஓட்டும் என் வீட்டுக்காரர் சோமனூரிலிருந்து துணி ஏற்றி வரும்போது வண்டி கவிழ்ந்து, இரண்டு காலும் நொறுங்கிப் படுத்துவிட்டார். அவர் எழுந்து நடக்க வேண்டும். அன்றிலிருந்து என் ஜெபமெல்லாம் மெஷினில்தான். ஒரு டீசர்ட்டுக்குத் தோள் சேர்த்தால் ஒரு ஸ்தோத்திரம்.

கரண்ட் போன கதை

ஒரு நாள் மனம் உருகிக் குரலை ஏற்றிவிட்டேன். "இயேசப்பா, அவரை நடக்க வைங்கப்பா, ஸ்தோத்திரம்!" என்று நான் கத்தவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மெஷின் எல்லாம் நின்ற அமைதியில் என் குரல் எங்கள் மண்ணரை ஏரியா முழுக்கக் கேட்டிருக்கும். ஹாலே திரும்பிப் பார்த்தது. டேபிளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. சூப்பர்வைசர் கந்தசாமி அண்ணன் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "ஏனுங்க எஸ்தரு, அப்படியே கரண்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, சிப்மெண்ட் நிக்குது!"

ஆறுதல் சொல்ல வந்தவர்

இதை வீட்டில் சொன்னபோது படுக்கையில் கிடந்த மனுசன் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்படிச் சிரிக்கிறவரையும் சோதிக்க ஆட்கள் வருவார்கள். எங்கள் சபையில் ஒரு சகோதரி. மனசு தங்கம், வாயும் கையும்தான் அடங்காது. ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தவர், "துதிங்க பிரதர், எல்லாத்துக்கும் துதிங்க" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு "துதி"க்கும் கட்டுப் போட்ட காலில் ஒரு தட்டு. வீட்டுக்காரர் பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "துதிக்கறனுங்க சிஸ்டர், நீங்க தாளத்த மட்டும் நிறுத்துங்க!" என்றார்.

வாய் மூடிய நாள்

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நடப்பாரா என்று உறுதி சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். மறுநாள் வேலையில் எனக்கு ஒரு ஸ்தோத்திரமும் வரவில்லை. கடவுள் மேல் கோபம்தான், வேறென்ன. துதித்துத் துதித்து நாக்கு வறண்டதுதான் மிச்சம் என்று உம்மென்று தைத்தேன்.

பக்கத்து மெஷின் செல்வி வருசா வருசம் பழனிக்கு நடந்து போகிறவள். மதியம் வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது என் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான், உடைந்து அழுதுவிட்டேன். அவள் சொன்னாள்: "பேசாம இருக்காதீங்கக்கா. நீங்க உங்க சாமிகிட்ட கேக்கறப்பத்தான் நானும் அண்ணனுக்காக முருகன்கிட்ட கேக்கறேன். நீங்க நிறுத்தினா எனக்கும் மறந்து போகுதுங்க."

சாட்சி

எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்தால், நடந்து முடிந்த அற்புதத்தைத்தான் சொல்ல வேண்டும். எங்கும் எழுதாத சட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். சாட்சி நேரத்தில் என்ன நினைத்தேனோ, எழுந்துவிட்டேன். "என் வீட்டுக்காரர் இன்னும் நடக்கலீங்க. நடப்பாரான்னும் தெரியாதுங்க. ஆனாலும் கர்த்தருக்கு..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் பாஸ்டர் முகத்தைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல்தான் வந்தது: "கரண்ட் போனா மெஷின்தான் நிக்கோணும் எஸ்தரு, நீ எதுக்கு நிறுத்தற? சொல்லு, நானும் சேர்ந்து சொல்றேன்."

அவர் இன்னும் நடக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. ஒரே வித்தியாசம், இப்போதெல்லாம் கரண்ட் போனால் எங்கள் தையல் லைனில் பாதிப் பேர் சத்தமாக வேண்டிக்கொண்டே என்னோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள்.