வெர்னா கதவைச் சாத்திய நேரம்

வெர்னா கார்லிஸ் எங்கள் ஊர் கிளார்க். அமெரிக்காவில் வெர்மான்ட் மலைக்குள் ஒடுங்கிய ஊர் இது. நாய் லைசென்ஸ் முதல் தேர்தல் வரை எல்லாம் அவள் பொறுப்பு. வளைந்து கொடுக்கவே மாட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கும். சில நாள் கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருக்கும்.

அவள் புருஷன் நெஞ்சுவலியில் துடித்தபோது, வெளியூர் ஆம்புலன்ஸ் மார்ச் மாதச் சேற்றில் புதைந்து கிடந்தது. அவர் பிழைக்கவில்லை. அதன்பிறகு மகள் ட்வைலா ஆட்களைச் சேர்த்து, கேக் விற்று, ஊருக்கே ஒரு பழைய ஆம்புலன்ஸ் வாங்கினாள். இனி அதை ஊர் வரியில் ஓட்டலாமா என்பதுதான் அந்த வருஷம் ஓட்டுக்கு வந்த கேள்வி. தோற்றால் வண்டி ஷெட்டோடு சரி.

ஓட்டெடுப்பு அறிவிப்பை வெர்னாவே ஊரில் மூன்று இடத்தில் ஆணியடித்து மாட்டினாள். மளிகைக்கடைக்காரர் அதன்மேல் மேப்பிள் பாகு விருந்து நோட்டீஸை ஒட்டிவிட்டார். அவள் போட்ட சத்தம் தபால் ஆபீஸ் வரை கேட்டது.

ஓட்டுப்பதிவு டவுன் ஆபீஸில், மாலை ஏழு மணிவரை. நான் வாக்காளர் பெயர் சரிபார்க்கும் மேஜையில் இருந்தேன். வரியென்றாலே எரிந்து விழும் ஹாலிஸ், கைக்கடிகாரத்தோடு வாசலிலேயே நின்றான். ஓட்டுப் போடாமல் மத்தியானமே ஆம்புலன்ஸில் போன ட்வைலாவைக் காணோம். இடுப்பெலும்பு முறிந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போயிருந்தாள்.

ஏழு அடிக்கப்போகும்போது மலையடிவாரத்தில் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு தெரிந்தது. சேற்றில் ஊர்ந்து வந்தது.

"வெர்னா, உன் பொண்ணுதான்டி! ஒரு நிமிஷம் பொறுத்துக்கோ!" என்றேன்.

"வரிசையில நிக்கிறவங்களுக்குத்தான் ஓட்டு. ரோட்டுல வர்றவங்களுக்கு இல்ல."

ஏழு அடித்ததும் கதவைச் சாத்திவிட்டாள். கல் நெஞ்சுக்காரி என்று வாய்விட்டே திட்டினேன்.

முழங்கால்வரை சேற்றோடு வந்த ட்வைலா கண்ணாடிக் கதவைத் தட்டினாள். "அம்மா, தொறம்மா! அப்பாவ நெனச்சுப் பாரும்மா!"

"அவர நெனச்சுத்தான்டி சாத்துனேன். இப்ப தொறந்தா ஹாலிஸ் கோர்ட்டுக்குப் போவான். எல்லா ஓட்டும் வீணாப் போயிடும்."

எண்ணி முடித்தபோது இரண்டு பக்கமும் சமம். சமம் என்றால் தோல்வி. அதை வெர்னாவே எழுந்து நின்று வாசித்தாள்.

மறுநாள் காலை டவுன் ஆபீஸ் திறக்குமுன்பே ட்வைலா வந்தாள். அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "மறுபடி ஓட்டெடுக்க என்ன பண்ணணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"மனு போடணும். கையெழுத்து வாங்கணும். ஒன்னுகூட போலியா இருக்கக் கூடாது."

வாங்கினோம். சேற்றில் பூட்ஸை இழந்து, நாய்க்கடிக்குத் தப்பி, வீடு வீடாக நானும் அலைந்தேன். வெர்னா மறுபடி மூன்று இடத்திலும் ஆணி அடித்தாள்.

"மறுபடியுமா? உனக்கு அலுக்கவே அலுக்காதா?" என்றான் ஹாலிஸ்.

"அன்னைக்கு நான் கதவச் சாத்துனதுல ஏதாவது குத்தம் கண்டியா?"

அவன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே நகர்ந்தான்.

இரண்டாவது ஓட்டு நாளில் விடியுமுன்பே ட்வைலா வரிசையில் முதல் ஆளாக நின்றாள். உள்ளே கதவருகே வெர்னா.

"தொறங்க கிளார்க்கம்மா, குளிருது!"

"இன்னும் மணி ஆகல."

அம்மாவும் மகளும் கண்ணாடிக்கு இருபுறமும் முறைத்தபடி நின்றார்கள். முதலில் சிரித்தது ட்வைலாதான். மணி அடித்தது. வெர்னா கதவை அகலத் திறந்து, மகளின் சீட்டு பெட்டிக்குள் விழும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று சாயங்காலம் அதே கதவைச் சாத்திவிட்டு எண்ணினோம். ஆம்புலன்ஸ் ஜெயித்தது. பிறகு வெர்னா ஆபீஸின் பின்னாலிருந்த சமையலறைப் பக்கம் போய் உட்கார்ந்து, புருஷன் பெயரைச் சொல்லி ஓவென்று அழுதாள்.