நூறு சதவீதம் படித்தவன்

நான் படிக்காத ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டதாகச் சொன்னேன். ஊரில் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. என் விஷயத்தில், அந்தப் பொய்யை நம்பி என் மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புருஷன் வீட்டிலிருந்து கிளம்பி வந்தாள். வந்தவளை நான் திருப்பி அனுப்பினேன். இப்போது அவள் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்குப் பார்க்கிறேன். படிக்கக் கற்றுக்கொண்டது முப்பது வயதுக்கு மேல், பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்த்து. செத்தவர்கள் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். உயிரோடிருந்த வாத்தியாரால் அது முடியவில்லை. இன்றைக்கும் வரிக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்து நகர்த்தித்தான் படிப்பேன். விரலை எடுத்தால் வரி வேறு எங்கேயாவது போய்விடும்.

ஆனால் படிப்பேன். மயிலாடுதுறைக்குப் போனால் பழைய பேப்பர் கடையில் நுழையாமல் திரும்ப மாட்டேன். அங்கே கிடைக்கிற புத்தகங்களுக்கு முதல் இருபது பக்கம் இருக்காது, அல்லது கடைசி இருபது பக்கம் இருக்காது. செத்தது யாரென்றே தெரியாமல் கொலைகாரனைப் பிடித்திருக்கிறேன். வீட்டுப் பரணில் அப்படி நூற்றைம்பது புத்தகம் சேர்ந்தது. மழைக்காலத்தில் ஓதம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மீதியைக் கரையான் படித்தது. என்னைவிட வேகமாகப் படித்தது.

பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் சென்னையிலிருந்து வந்திருந்தபோது, பரணிலிருந்து கொட்டிய மண்ணைப் பார்த்துவிட்டு அவள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். புத்தகம் படிக்கிற மெஷின் ஒன்று இருக்கிறதாம். சிலேட்டு மாதிரி இருக்குமாம், ஆயிரம் புத்தகம் உள்ளே போகுமாம். போனில் படம் காட்டினாள்.

"அப்பா, இதுல ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணு ஆயிடும்."

"ஆகுறதையே வாங்கு. ஒரு பொருளுன்னா எதுக்காவது பயப்படணும்."

என் மனைவி உள்ளிருந்து, "செல்போனை மூணு தடவ வாய்க்கால்ல போட்டவரு. தண்ணிக்குப் பயப்படாததா பாத்து வாங்கும்மா" என்றாள்.

"எழுத்தைப் பெருசு பண்ண முடியுமா பாப்பா?"

"எவ்வளவு வேணா பண்ணலாம்."

"போஸ்டர் அளவுக்கு?"

"ஏம்ப்பா, செத்தவங்க போட்டோவும் பக்கத்துல வேணுமா?"

மூன்று பேரும் சிரித்தோம். மாப்பிள்ளை சிரிக்காமல் கையை நீட்டினார். அவள் பேச்சை நிறுத்திவிட்டு போனை அவர் கையில் வைத்தாள். அவர் அதைத் திறந்து எதையோ மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் கேட்காமலே பொருளைக் கொடுக்கிறாள், நன்றாக வளர்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

தையில் பேசிய மெஷின் ஆனியில்தான் கூரியரில் வந்தது. உள்ளே ஒரே ஒரு புத்தகம் இருந்தது. மகள் போன் பண்ணினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"அப்பா, அந்தப் புத்தகம் உனக்காகத்தான் போட்டிருக்கேன். முழுசா படி. முடிச்சிட்டு சொல்லு."

அப்போது குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம். மோட்டார் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அது சுகமான சாமான். வெயிலில் பிடித்தாலும் கண் கூசவில்லை. ஒரு கையில் டீ, ஒரு கையில் மெஷின். காற்றடித்தால் பக்கம் பறக்கவில்லை, எறும்பு குடியேறவில்லை. எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினேன், பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் நின்றது. குறை என்று சொன்னால், பழசாகிச் செத்த பிறகும் அதைக் கிழித்துச் சுண்டல் மடிக்க முடியாது.

கதைதான் ஒரு தினுசாக இருந்தது. முதல் வரியில் மழை பெய்தது. இரண்டாவது வரியில் ஒரு பெண் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரியில் சட்டினி அரைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது வரியில் வேறு யாரோ கதவைச் சாத்தினார்கள். இந்தக் காலத்தில் எழுதுகிறவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது, புரியாதது நம் குறை என்று விட்டுவிட்டேன். மூன்றே மத்தியானத்தில் புத்தகம் முடிந்தது. வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் படித்ததில்லை. கரையானைத் தோற்கடித்துவிட்டேன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாளே மகள் போன் பண்ணினாள். அவள் போனில் அதே புத்தகம் இருக்கிறதாம், நான் எவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்று அதில் தெரியுமாம்.

"நூறு சதவீதம் காட்டுதுப்பா. முடிச்சிட்டியா?"

"பின்னே."

"கடைசி வரைக்கும்?"

"அட்டை வரைக்கும்."

"அந்தப் பொண்ணு கடைசியில செஞ்சா பாரு. அது சரிதானாப்பா?"

எந்தப் பெண், என்ன செய்தாள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. சட்டினி அரைத்தாள் என்பது மட்டும் தெரியும். புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் வகுப்புக்காரனுக்கு மகள் பார்த்துப் பார்த்து ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறாள்.

"சரியாத்தாம்மா செஞ்சிருக்கா. வேற என்ன செய்வா."

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற அதே குரலில் திரும்பக் கேட்டாள்.

"நெசமாத்தான் சொல்றியா?"

"அவ இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்" என்றேன். பொய் என்று வந்துவிட்டால் நான் தாராளமாகச் சொல்கிறவன்.

புரட்டாசியில் ஒரு காலை, பெரிய பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தாள். எதிர்வீட்டு அம்மா வாசலிலிருந்தே, "என்னடி, ஆடிக்கு அழைச்சப்ப வரல, புரட்டாசியில வந்து நிக்கிற" என்று கேட்டார். மகள் பதில் சொல்லாமல் உள்ளே வந்து, பெட்டியை வைத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

"நீ சொன்னதுக்கு அப்புறம்தாம்ப்பா எனக்குத் தைரியமே வந்துச்சு" என்றாள்.

நான் விழித்தேன். அவள் சொன்னாள். போன் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். மெசேஜ் எல்லாம் படிப்பார். கடைக்குப் போனால் எத்தனை நிமிஷம் என்று பார்ப்பார். புத்தகத்தை மட்டும் அவர் திறந்து பார்க்க மாட்டார். அதனால் தன் கதை மாதிரியே இருக்கிற ஒரு புத்தகத்தைத் தேடிப் பிடித்து, எனக்குச் சொல்ல வேண்டிய வரிகளுக்கெல்லாம் கோடு போட்டு அனுப்பியிருக்கிறாள். அந்தக் கதையில் வருகிற பெண் கடைசியில் புருஷனை விட்டுக் கிளம்பிவிடுகிறாள்.

"கோடு போட்டதெல்லாம் பாத்தல்ல?" என்றாள்.

"பாத்தேன்" என்றேன்.

"கை நீட்டினாரா?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"நீட்டினாத்தான் நீங்க நம்புவீங்களாம்மா?"

மறுநாளே மாப்பிள்ளையும் சம்பந்தியும் கார் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சம்பந்தி பி.காம். படித்தவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். மாப்பிள்ளை தங்கமானவர் போல உட்கார்ந்து, தன் மேல் என்ன தப்பு என்று மரியாதையாகக் கேட்டார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. நாலு பேருக்கு முன்னால் என்ன சொல்ல வேண்டுமோ அதை நான் சொன்னேன். கொஞ்சம் அனுசரித்துப் போம்மா.

மகள் என்னையே பார்த்தாள். "அவ செஞ்சது சரின்னு நீதானேப்பா சொன்ன."

படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு அந்த இடத்தில் நேரம் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. பி.காம்.காரர் எதிரில் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் ஜோக் அடித்தேன்.

"அது கதைம்மா. கதையில வர்ற பொண்ணு எங்க வேணா போவா, அவளுக்கு என்ன எதிர்வீடா இருக்கு?"

சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். சரியான நேரத்தில் சரியான ஆட்களிடம் சிரிப்பு வாங்கிய என் ஜோக் அது ஒன்றுதான்.

"அப்ப படிச்சிட்டுத்தான் இப்படிச் சொல்றியா?" என்றாள்.

"படிச்சவன்தான் சொல்றேன். கெளம்பு."

காரில் ஏறினாள். மயிலாடுதுறை ரயிலடிக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டும் என்று இறங்கியவள் திரும்பிப் போய் ஏறவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் அம்மாவுக்கு மட்டும் போன் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறாளாம், வேலைக்குப் போகிறாளாம்.

அதற்குப் பிறகுதான் நான் மெஷினைத் திறந்து, அந்தக் கோடு போட்ட வரிகளைத் தேட உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, நீங்க கையை எடுக்கிறப்பல்லாம் அதுல இருக்கிறது பூரா மாறுதே. அதுக்குள்ள படிச்சிட்டீங்களா?"

என் விரல் காய்ப்பு ஏறிய விரல். ரேஷன் கடை மெஷினே நாலு தடவை துடைத்துவிட்டுத்தான் அதை ஒப்புக்கொள்ளும். இந்த மெஷின் அதை வழி நெடுக உணராமல், வரி முடிகிற இடத்தில் நான் அழுத்தும்போது மட்டும் உணர்ந்து, பக்கத்தைத் திருப்பியிருக்கிறது. பக்கத்துக்கு ஒரு வரி. ஒரு முழுப் புத்தகத்தை நான் பக்கத்துக்கு ஒரு வரியாகப் படித்து நூறு சதவீதம் வாங்கியிருக்கிறேன். காகிதத்தில் எவ்வளவு அழுத்தினாலும் காகிதம் என்னை முந்திக்கொண்டு போனதில்லை.

விரலை மடக்கிக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கோடு போட்ட ஒரு வரி வந்தது. அவன் வீட்டில் இருக்கும்போது, தான் தண்ணீர் குடிக்கிற சத்தம்கூட அவளுக்குப் பெரிதாகக் கேட்டது என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியோடு அன்றைக்கு மூடி வைத்துவிட்டேன். மறுநாள் திறந்தால் புத்தகம் இல்லை. பாஸ்வேர்டு கேட்டது. அவள் மாற்றிவிட்டாள், புருஷனுக்குப் பயந்தோ என் மேல் கோபத்திலோ. அச்சுப் புத்தகம் என்றால், கோபத்தில் திரும்ப வாங்கிக்கொண்டு போகவாவது வீட்டுக்கு வந்தாக வேண்டும். வந்தால் ஒரு வாய் காபி குடிப்பாள்.

புத்தகத்தின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. காகிதப் புத்தகத்தைத் திறக்கிறபோதெல்லாம் அட்டையைப் பார்த்தே ஆக வேண்டும். மெஷின் விட்ட இடத்திலேயே திறந்துகொள்ளும். தஞ்சாவூரில் ஒரு புத்தகக் கடைக்குப் போய், ஒரு பெண் புருஷனை விட்டுப் போகிற கதை வேண்டும் என்று கேட்டேன்.

கடையில் இருந்த பெண், "ஐயா, அப்படின்னா அந்தச் சுவர் பூரா இருக்குங்க" என்றாள்.

ஒவ்வொன்றாக எடுத்து முதல் வரியைப் பார்த்தேன். எதில் மழை பெய்கிறது, அடுத்த பக்கங்களில் பஸ் வருகிறதா, சட்டினி வருகிறதா. மூன்று தடவை தஞ்சாவூர் போனேன். மூன்றாவது தடவை கிடைத்தது. வீட்டுக்கு வந்து, விரல் வைத்து, ஒரு மாதம் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கோடு எதற்கும் இல்லை. எந்த வரி என் மகளுடையது, எந்த வரி அந்த எழுத்தாளருடையது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லா வரியும் அவளுடையது போலவே இருந்தது.

தை மாதக் கடைசியில் மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டேன். அம்மா என்று நினைத்து எடுத்தாள்.

"நாந்தாம்மா. அந்தப் புத்தகத்தை இப்ப படிச்சிட்டேன். அன்னிக்குப் படிக்கல. பொய் சொல்லிட்டேன்."

விரல் விஷயத்தையும் பக்கத்துக்கு ஒரு வரி என்பதையும் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன், அதையும் மறைக்க வேண்டாம். அவள் சிரிக்கவில்லை.

"படிச்சிருந்தா இங்கயே இருன்னு சொல்லியிருப்பியாப்பா?"

சம்பந்தி உட்கார்ந்திருந்த நாற்காலி எதிரில்தான் கிடந்தது. எதிர்வீட்டு ஜன்னல் அன்றைக்கும் திறந்துதான் இருந்தது. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் இது. ஒன்றும் வரவில்லை.

அவளே பேச்சை மாற்றிக் கேட்டாள், தூரத்துச் சொந்தக்காரர்கள் கேட்பது போல.

"சம்பா அறுத்தாச்சா?"

"இன்னும் இல்லம்மா. மெஷின் வரல."

"சரிப்பா" என்றாள்.