புத்தகம் சுமந்த திருடன்

எங்கள் ஜனக்புரி வீட்டில் வாள் சுழற்றத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். திருடன் நான் ஒருவன்தான்.

மூன்று நண்பர்கள் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீடு அது. ஹாலில் இருந்த டிவியும் கேம் கன்சோலும் மதுரைக்கார நண்பனுடையவை. இன்னொருவன் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். அவன் பேச்சில் பாதி இந்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே விளையாட்டை, ஆளுக்கொரு பாத்திரம் வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி ஆடுவோம். அரண்மனைகளும் மந்திரவாதிகளும் டிராகன்களும் நிறைந்த ஏதோ ஒரு பழைய நாடு. அவர்கள் இருவரும் கவசத்தை மாட்டிக்கொண்டு, எதிரே வந்ததையெல்லாம் வெட்டித் தள்ளினார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. குனிந்தபடி, சுவரோரமாக, தீப்பந்த வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து நகர்கிற திருடனைத் தேர்ந்தெடுத்தேன். யார் கண்ணிலும் படக்கூடாது, யார் மேலும் கை வைக்கக்கூடாது என்று ஒரு விரதமும் எடுத்துக்கொண்டேன்.

நல்ல திருடன்தான். ஆனால் திருடியதெல்லாம் புத்தகம்.

அந்த நாட்டில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஓர் அலமாரி இருக்கும். அதிலுள்ள புத்தகங்களை எடுத்துத் திறந்து படிக்கலாம். ராஜாக்களின் வம்ச வரலாறு, குதிரை வைத்தியம், முயல்கறிக் குழம்பு வைக்கும் முறை என்று ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என் பாடப்புத்தகங்களை விட்டால் வீட்டில் வேறு அச்சடித்த காகிதம் சுவரில் தொங்கிய காலண்டர்தான். அலமாரியைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. எடுத்ததையெல்லாம் கொண்டுபோய் என் திருடனின் மறைவிடத்தில் அடுக்கி வைப்பேன்.

"ஏன்டா, திருட வந்தியா, டிகிரி வாங்க வந்தியா?" என்பான் மதுரைக்காரன்.

"லைப்ரரி கார்டு வாங்கிக் குடுத்துடலாம் தோஸ்த்," என்பான் தில்லிக்காரன்.

அப்போதுதான் மதுரைக்காரனுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாமான்களைக் கட்ட ஆட்கள் வருவதாக இருந்தது. என் திருடனுக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி: அரண்மனைக் கருவூலத்திலிருந்து ராஜாவின் கிரீடத்தைத் தூக்கிவர வேண்டும். இத்தனை மாத ஆட்டமும் அந்த கன்சோலுக்குள் இருந்தது. அது பெட்டிக்குள் போய்விட்டால் என் திருடன் பாதி வழியிலேயே நின்றுவிடுவான். அதனால் அன்று காலைச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

அரண்மனைக்குள் நுழைவதில் கஷ்டம் இருக்கவில்லை. கருவூலத்துக்குப் போகிற வழி ராஜாவின் நூலகத்துக்குள் புகுந்து போனது. அதுதான் வினையானது. கருவூலத்தில் கிரீடத்துக்கு எதிரே நின்று பொத்தானை அழுத்தினால், பையில் இடமில்லை, சுமை அதிகம் என்கிறது திரை. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. அட்டைப்பெட்டிகளோடு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"சமையலறையிலேருந்து ஆரம்பிக்கச் சொல்லு!" என்று கத்தினான் மதுரைக்காரன். தில்லிக்காரன் இந்தியில் சொல்லிவிட்டு ஓடிவந்து டிவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"அம்புட்டு புக்கையும் கீழ போடுடா."

"கீழயா?"

"பின்ன, தலையிலயா வைப்பாங்க?"

ஒன்றைப் போட்டேன். நீல அட்டைப் புத்தகம், கல் தரையில் விழுந்தது. திருடன் கொஞ்சம் நகர்ந்ததில் அவனுடைய பூட்ஸ் கால் நேராக அதன் மேல் பட்டது.

தில்லிக்காரன் சட்டென்று கையை நீட்டி டிவித் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நாங்கள் இருவரும் அவனையே பார்த்தோம்.

"க்யா? கால் பட்டுச்சுல்ல?"

"ஒங்கம்மா ஒனக்குத் தமிழ் எழுதச் சொல்லிக் குடுக்கல. இத மட்டும் சரியாச் சொல்லிக் குடுத்திருக்காங்கடா!" மதுரைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆனால் அதற்குப் பிறகு கீழே போடு என்று அவனும் சொல்லவில்லை. கருவூலத்தில் ஒரு நீள மேஜை இருந்தது. நீலப் புத்தகத்தை எடுத்து அதன் மேல் வைத்தேன்; மற்றவற்றையும் ஒவ்வொன்றாக அங்கேயே வைக்க ஆரம்பித்தேன். அந்த விளையாட்டில் ஒரு பொருளைப் போடுவது சுலபம், வைப்பது பெரும்பாடு. அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, நகர்த்தி, சாயாமல் இறக்க வேண்டும். வெளியே காவலனின் காலடிச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஜல்தி, ஜல்தி!"

"அவன அவசரப்படுத்தாதடா. மெதுவா வை மாப்ள, ஓரத்துல நழுவுது பாரு." இதைச் சொன்னது மதுரைக்காரன்.

கிரீடத்துக்கு இடம் கிடைத்து, அதை எடுத்துப் பைக்குள் போட்ட அதே நொடியில், மேஜை ஓரத்தில் இருந்த தடித்த புத்தகம் ஒன்று சரிந்து தரையில் தொம்மென்று விழுந்தது. காவலன் குரல் கொடுத்தபடி கதவைத் திறந்து உள்ளே வந்தான். நான் தூணுக்குப் பின்னால் ஒண்டினேன். அவன் சத்தம் வந்த திசைக்கே போய், புத்தகத்தைக் குனிந்து பார்த்து, எலியாக இருக்கும் என்றான். அந்த நாட்டுக் காவலர்களுக்கு எல்லாமே எலிதான். அவன் திறந்து வைத்த கதவு வழியாகவே நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியேறினோம்.

டேப்பும் கையுமாக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாமான் கட்டுகிறவர், "நிகல் கயா?" என்று கேட்டார். தப்பித்துவிட்டானா என்று.

"நிகல் கயா, பாய் சாப்," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு டிவியின் பிளக்கைப் பிடுங்கினார்.

போன வாரம் லோதி ரோட்டில் எங்கள் அலுவலக கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது புனேயிலிருந்து ஒரு படம் வந்தது. என் திருடனின் மறைவிடம், என் அலமாரி. அதில் அந்தத் தடித்த புத்தகம். கூடவே மதுரைக்காரனின் குரல்:

"கீழயே கெடந்துச்சு மாப்ள, மனசு கேக்கல. ஒன் திருடனையே கூட்டிக்கிட்டுத் திரும்பப் போனேன். காவக்காரன் பாத்துட்டான். ஆனா ஒருத்தன் மேலயும் கை வைக்கலடா, ஒன் மேல சத்தியம். ஓடியே வந்துட்டேன்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புத்தகத்தைத் தலைகீழாக வைத்திருந்தான். சாதம் பிசைந்த கையைக் கழுவிவிட்டு வந்து, நேராகத் திருப்பி வைக்கச் சொல்லிப் பதில் அனுப்பினேன்.